200 ஆண்டு ஓடிய டிரையர்

மே 3, சனி

அண்ணன் மகள் ஒன்பதாவது முடித்து லீவுக்கு வந்திருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு ‘டே ஆஃப் தி டென்டக்கிள்’ ஆரம்பித்தோம். 1993 ஜூனில் லூக்காஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு. இப்போது எங்களிடம் இருப்பது 2016இல் டபுள் ஃபைன் புதுப்பித்துத் தந்தது. ஒரு விசையைத் தட்டினால் பழைய பிக்சல் படம் அப்படியே வந்து நிற்கும். மறுபடி தட்டினால் புதிய படம். அவளாகவே பழையதைத்தான் கேட்டாள். அதில்தான் முகங்கள் நன்றாக இருக்கின்றனவாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சக் ஜோன்ஸின் கார்ட்டூன்களை மனதில் வைத்து வரைந்த படங்கள் இவை. கதவு நேராக இருக்காது, ஜன்னல் சதுரமாக இருக்காது, நாற்காலிக்குக்கூட ஒரு கோணல் உண்டு.

கதை இதுதான். டாக்டர் ஃபிரெட் என்கிற விஞ்ஞானியின் வீட்டில் இரண்டு டென்டக்கிள்கள், ஒன்று பச்சை, ஒன்று ஊதா. உடம்பே ஒரு தூண், அடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பாதம், அவ்வளவுதான். ஊதா நிறத்தது ஆலைக் கழிவைக் குடித்துவிடுகிறது. உடனே அதற்கு இரண்டு கை முளைக்கிறது, உலகத்தைப் பிடிக்கும் ஆசையும் முளைக்கிறது. நேற்றைய தினத்துக்குப் போய் அந்தக் கழிவு இயந்திரத்தை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று டாக்டர் மூன்று இளைஞர்களை அனுப்புகிறார். கால இயந்திரத்துக்குப் போட்டது போலி வைரம். நடுவழியில் உடைகிறது. ஹோகி 200 ஆண்டு பின்னோக்கி, கடந்த காலத்தில் போய் விழுகிறான். லவெர்ன் 200 ஆண்டு தள்ளி, எதிர்காலத்தில். பெர்னார்ட் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறான்.

விதி ஒன்று போட்டிருக்கிறோம்: எங்கே மாட்டிக்கொண்டாலும் இணையத்தில் விடை தேடக் கூடாது. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

மே 4, ஞாயிறு

நாள் முழுக்க வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். வீடு ஒன்றுதான், காலம் மூன்று. ஹோகியின் காலத்தில் அது சத்திரம்; அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதுகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெர்னார்டின் காலத்தில் விடுதி. லவெர்னின் காலத்தில் டென்டக்கிள்களின் ராஜ்ஜியம். மனிதர்கள் அங்கே வளர்ப்புப் பிராணிகள்.

மூவருக்கும் ஆளுக்கொரு கால இயந்திரம். அது கழிவறை வடிவத்தில் இருக்கிறது. சின்னப் பொருளை உள்ளே போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் மற்றவர் காலத்துக்குப் போய்ச் சேரும். உயிருள்ளதைப் போட முடியாது. அவள் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

திரையின் கீழே ஒன்பது வினைச்சொற்கள்: கொடு, எடு, பயன்படுத்து, திற, பார், தள்ளு, மூடு, பேசு, இழு. இவ்வளவுதான் நம்மிடம் உள்ள ஆயுதம். 1987இல் இதன் முன்கதையான ‘மேனியாக் மேன்ஷன்’ வந்தபோது பதினைந்து இருந்தன. ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் வடிவமைத்தது அது. அதற்காக எழுதிய ‘ஸ்கம்’ என்ற நிரல்மொழியை வைத்துத்தான் இந்த நிறுவனம் அடுத்த பத்து வருடம் விளையாட்டுகளைச் செய்தது. அதற்கு முன்னால் இந்த வகை விளையாட்டில் பெரும்பாலும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நாம் நினைத்த சொல் கணினிக்குத் தெரியாவிட்டால் அத்தோடு நின்றுவிடும். சொற்களையே திரையில் வைத்துவிட்டதால், என்ன செய்யலாம் என்கிற யோசனை மட்டும் நம் பொறுப்பு.

ஆனால் அந்த யோசனை லேசில் வருவதாக இல்லை. லவெர்ன் இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளாடை கிளையில் மாட்டிக்கொண்டு விட்டது.

மே 6, செவ்வாய்

மரம் விழுந்தது!

அது கும்குவாட் மரம், நம்மூர் நாரத்தையின் குட்டித் தம்பி மாதிரி காய்க்கும். லவெர்ன் தொங்கும் மரத்தை ஹோகியின் காலத்திலேயே வெட்டிவிட்டால் அவள் கீழே இறங்கிவிடலாம் என்பது நேற்றே தெரிந்துவிட்டது. யார் வெட்டுவது? ஹோகியின் கையில் கோடாலி இல்லை. சத்திரத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் இருக்கிறார். மரம் வெட்டுவது பற்றிக் கேட்டால் பெருமையடிக்கிறார், ஆனால் செர்ரி மரம் என்றால்தான் வெட்டுவாராம். ஹோகியிடம் சிவப்புப் பெயிண்ட் இருக்கிறது.

அவள்தான் சொன்னாள்: “அத்தை, காய்க்கு பெயிண்ட் அடிச்சா?”

அடித்தோம். மஞ்சள் காய்கள் சிவப்பாயின. வாஷிங்டன் வந்தார், வெட்டினார். எதிர்காலத்தில் லவெர்ன் தொப்பென்று விழுந்தாள்.

சிறுவன் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான் என்ற கதை அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அது நடந்ததல்ல. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாறு எழுதினார். 1806இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில்தான் இந்தக் கதை முதலில் வருகிறது. அண்ணன் மகளுக்கு அந்தக் கதை தெரியாது. தெரியாமலேயே புதிரை அவிழ்த்துவிட்டாள். வாஷிங்டன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் அது முடிந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் எவ்வளவு நேர்மையானவர்கள் என்று இந்த ஒரு மரத்தை வைத்தே சொல்வேன். ஊர்க்கதை தெரிந்தவருக்கு ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். தெரியாதவருக்கு வாசல் மூடப்படவில்லை.

படுக்கும்முன் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டில் ஒவ்வொரு புதிரும் ஒரு துணுக்கு. முன்பாதியை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கடைசி வரியை நாம் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை யாரும் சிரிக்க முடியாது. எரிச்சல் வருவது அந்த இடைவெளியில்தான். சிரிப்பைத் தேக்கி வைப்பதும் அதே இடைவெளிதான்.

மே 7, புதன்

ஒன்றும் நகரவில்லை. எல்லாப் பொருளையும் எல்லார் மீதும் பயன்படுத்திப் பார்த்தோம். தவறான முயற்சிக்கும் ஏதாவது ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெர்னார்டின் குரலில் அந்த மூக்கடைத்த பணிவு கேட்கக் கேட்கப் பிடிக்கிறது. பேசியவர் ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற நடிகர்.

அவள் ஒன்று கேட்டாள், “இதுல செத்துப் போகவே மாட்டாங்களா?” மாட்டார்கள். அது திட்டமிட்டு எடுத்த முடிவு. அந்தக் காலத்தில் சியரா நிறுவனத்தின் விளையாட்டுகளில் கால் இடறினாலே சாவுதான். 1990இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’இல் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு போகும். அந்த நொடியில் பூனை மீது எதையாவது எறிந்து எலியைக் காப்பாற்றியிருக்க வேண்டும். தவறவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெகுநேரம் கழித்து உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்து அறுக்க எலி இருக்காது. பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான், அப்படி ஒன்று இருந்தால். ரான் கில்பர்ட் 1989இல் இதையெல்லாம் கண்டித்து ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த வருடம் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ செய்து தன் கொள்கையை நடத்திக் காட்டினார். ஷேஃபரும் கிராஸ்மனும் அதில் அவருடன் வேலை பார்த்தவர்கள்.

சாகாத விளையாட்டில் பயம் இல்லை என்பார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பயம் இல்லாததால்தான் குதிரையிடம் பாடப்புத்தகத்தை நீட்டத் தோன்றுகிறது. சலிப்பூட்டும் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக் குதிரை தூங்கிப்போனது. தூங்கும் முன் தன் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டது. எடுத்துக்கொண்டோம். எதற்கு என்று தெரியவில்லை.

மே 10, சனி

இன்று மட்டும் பெரிய வேட்டை.

ஆட்கள் திரும்பி வர வேண்டுமானால் கால இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஹோகியின் காலத்தில் மின்சாரம் கிடையாது. ஆகவே ஒரு மின்கலம் செய்ய வேண்டும். அதற்கு எண்ணெய், வினிகர், தங்கம். வினிகர் எங்கேயும் இல்லை. ஒயின் பாட்டில் இருக்கிறது. கூடத்தில் ஜெஃபர்சன் வருங்காலத்துக்கென்று ஒரு பேழையில் பொருள்களைச் சேகரிக்கிறார். ஒயினை அதில் போட்டுவிடு என்று நான் சொல்ல, அவள் “சும்மாவா போடறது?” என்று இழுத்துக்கொண்டே போட்டாள். 400 ஆண்டு கழித்து லவெர்ன் பேழையைத் திறக்கிறாள். ஒயின் வினிகராகிவிட்டது. அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்தோம், ஹோகிக்கு வந்து சேர்ந்தது.

புளித்துப் போவதற்கு ஆகும் காலத்தை ஒரு கருவியாக ஆக்கியிருக்கிறார்களே, அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மற்ற விளையாட்டுகளில் இரண்டு பொருளைச் சேர்த்தால் மூன்றாவது கிடைக்கும். இங்கே ஒரு பொருளோடு நான்கு நூற்றாண்டைச் சேர்க்கிறோம்.

தங்கம் அதைவிடச் சுற்றுவழி. ஜான் ஹான்காக்கும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும் மேசையில் தங்கப் பேனா இருக்கிறது. அவர்கள் எழுந்தால்தான் எடுக்கலாம். வாஷிங்டனுக்கு வெடிக்கிற சுருட்டைக் கொடுத்தோம். அவருடைய பல்செட் பறந்தது. அந்த இடத்தில் சாவி கொடுத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும் விளையாட்டுப் பல்லை மாட்டினோம். பல் அடித்துக்கொள்வதைப் பார்த்து அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்துக் கணப்பை மூட்டுகிறார்கள். ஹோகி கூரைக்குப் போய்ப் புகைபோக்கியைப் போர்வையால் அடைத்தான். புகை சூழ்ந்தது, எல்லோரும் வெளியே ஓடினார்கள், பேனா நம் பையில்.

வாஷிங்டனுக்கு மரப்பல் என்பதும் ஊரறிந்த கட்டுக்கதைதான். நிஜத்தில் அவருடைய பல்செட்டுகள் தந்தத்திலும் உலோகத்திலும் மனித, விலங்குப் பற்களிலும் செய்தவை. ஜெஃபர்சன் அந்த மேசையில் இருந்திருக்கவும் முடியாது. 1787இல் சாசனம் எழுதப்பட்டபோது அவர் பாரிஸில் தூதர். ஹான்காக்கும் அந்த மாநாட்டில் இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்டது 1752இல் என்பார்கள். இங்கே அவரும் மாடியறையில் அதே பட்டத்தோடு நிற்கிறார். வரலாற்றைத் தேடி யாரும் இங்கே வர வேண்டாம். பள்ளிக்கூடம் முடித்து எல்லாம் மறந்த பிறகும் மண்டையில் மிஞ்சி நிற்பது எதுவோ, அதை மட்டும் எடுத்து ஒரே வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்கு அதுதான் சரியான மண்.

மே 11, ஞாயிறு

டாக்டர் ஃபிரெட் தூக்கத்தில் நடந்து போய்ப் பெட்டகத்தைத் திறக்கிறார். எண்களைப் பார்க்க முடியாத வேகம். காவல் கேமராவில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அவள் வி.சி.ஆரைப் பார்த்து, “இது என்ன டப்பா?” என்றாள். எங்கள் தெருவில் டெக் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்த கதையைச் சொன்னேன். பிடித்த பாட்டுக்கு ரீவைண்ட் செய்வோம், சண்டைக்காட்சியை மெதுவாக ஓட்டுவோம் என்றதும் “அப்ப அதையே இங்க பண்ணு” என்றாள். முடிந்தது.

1993இல் விளையாடியவருக்கு இது வரவேற்பறையிலேயே கிடந்த பொருள். பழைய விளையாட்டில் புதிர் கடினமாவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. புதிர் அப்படியே இருக்கும், அதைச் சுற்றியிருந்த வீடு மாறிப்போயிருக்கும்.

மே 13, செவ்வாய்

மறுபடி அடைப்பு. ஃபிராங்க்ளினுக்குப் புயல் வேண்டும், வானம் தெளிவாக இருக்கிறது. ஹோகியிடம் சோப்புத் தண்ணீர் வாளியும் பிரஷ்ஷும் இருக்கின்றன.

அவள் கோபமாக இருந்தாள். “இது நியாயமே இல்ல. சோப்புத் தண்ணிக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?” அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இந்த வகை விளையாட்டுகளுக்குக் கெட்ட பெயர் வந்ததே அதற்குப் பதில் சொல்ல முடியாததால்தான். 1999இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ பற்றி அவளுக்குச் சொன்னேன். நண்பனைப் போல வேஷம் போட்டு ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பூனையின் ரோமத்தை ஒட்டுநாடாவில் பிடித்து, மேப்பிள் பாகு தடவி, மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! ஆகவே அவனுடைய பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் ஒரு மீசை வரைய வேண்டும். மறு வருடமே ‘ஓல்ட் மேன் மர்ரே’ என்ற இணையதளத்தில், சாகச விளையாட்டுகள் தற்கொலை செய்துகொண்டன என்று இதை வைத்து ஒரு கட்டுரை வந்தது.

எனக்கும் அந்தப் பூனை மீசை மேல் வருத்தம் உண்டு. பைத்தியக்காரத்தனமாக இருப்பதற்காக அல்ல. வாஷிங்டனின் மரமும் பைத்தியக்காரத்தனம்தான். மீசையில் சிரிப்பதற்குத் துணுக்கு இல்லை. முன்பாதியை யாரும் சொல்லவில்லை. விடை தெரிந்த பிறகும் “அட!” என்று வராமல் “எப்படித் தெரியும்?” என்றுதான் வருகிறது. புதிரை எடைபோட எனக்கு அந்த இரண்டு சத்தமே போதும்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். “அப்பா வண்டி கழுவுனா அன்னைக்கு மழை வரும்னு சொல்வாரே!” வெளியே ஒரு குதிரைவண்டி நிற்கிறது. ஹோகி அதைத் தேய்த்துக் கழுவினான். இடி இடித்தது.

“அட!” என்றாள்.

அண்ணனுக்கு ராத்திரியே போன் போட்டுச் சொன்னோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் சந்தோஷப்பட்டார்.

மே 16, வெள்ளி

எழுதியே ஆக வேண்டிய நாள். லவெர்னின் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். எதிர்காலத்தில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது, சக்கரத்தை ஓட்ட ஆள் இல்லை. பெர்னார்டின் காலத்தில் ஒரு வெள்ளெலி இருக்கிறது. உயிருள்ளதைக் கழிவறை வழியாக அனுப்ப முடியாது. உறைபெட்டியில் வைத்தோம். 200 ஆண்டு உறைந்து கிடந்து லவெர்னிடம் வந்தது. மைக்ரோவேவில் சூடாக்கி எழுப்பினாள். (‘மேனியாக் மேன்ஷன்’ விளையாடியவர்கள் இந்த இடத்தில் நெளிவார்கள். அதிலும் வெள்ளெலியை மைக்ரோவேவில் வைக்கலாம், ஆனால் அங்கே அது பிழைக்காது. நின்டெண்டோ பதிப்பில் பிறகு அதை எடுக்க வைத்துவிட்டார்கள்.) எழுந்த எலி குளிரில் நடுங்குகிறது. சட்டை வேண்டும், அதன் அளவுக்கு.

இங்கேதான் மாட்டிக்கொண்டு கிடந்தோம். கையில் ஆள் போடும் ஸ்வெட்டர் ஒன்று, ஒரு மூட்டை சில்லறை. விடுதியில் காசு போட்டால் ஓடும் டிரையர். ஸ்வெட்டரை உலர்த்தினால் சுருங்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு சில்லறை எதற்கு? கடைசியில் அவளும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னோம். எல்லாக் காசையும் போட்டோம். டிரையர் ஓட ஆரம்பித்தது. லவெர்னின் காலத்துக்கு மாறினால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! திறந்தால் வெள்ளெலி அளவில் ஸ்வெட்டர்.

நான் படித்த எத்தனையோ நகைச்சுவைக் கதைகளில் இவ்வளவு சுத்தமான முடிச்சைப் பார்த்ததில்லை. சுருங்கும் துணி என்ற வீட்டுக் கவலை, காசுக்கு ஓடும் இயந்திரம், காலப்பயணம் மூன்றையும் ஒரே கிளிக்கில் கட்டியிருக்கிறார்கள். சிரிப்பு நம்முடையதாகிவிடுகிறது, சொல்லிக் கேட்ட சிரிப்பு அப்படி ஆகாது. நடுவில் நாங்கள் விடையைப் பார்த்திருந்தால் “ஸ்வெட்டரை டிரையரில் போடு, காசைப் போடு” என்று ஒரு வரி கிடைத்திருக்கும். அதைப் படித்து யார் சிரிப்பார்கள்?

மே 18, ஞாயிறு

முடித்துவிட்டோம். டென்டக்கிள் வேஷம் போட லவெர்னுக்கு ஒரு துணி வேண்டியிருந்தது. டென்டக்கிள் மருத்துவரின் உடற்கூறு வரைபடத்தை ஹோகிக்கு அனுப்பி, கொடி தைக்கும் பெட்ஸி ராஸின் மாதிரித் தாள்களுக்குள் செருகிவிட்டோம். அன்றிலிருந்து அமெரிக்கக் கொடியே டென்டக்கிள் வடிவம். 400 ஆண்டு கழித்து லவெர்ன் அதை இறக்கி உடுத்திக்கொள்கிறாள். பெட்ஸி ராஸ் முதல் கொடியைத் தைத்தார் என்பதும் குடும்பக் கதைதான், 1870இல் அவருடைய பேரன் ஊரறியச் சொன்னது. குதிரையின் பல்செட்டும் கடைசியில் உதவியது. எதிர்காலத்தில் மனிதர்களுக்கு நடத்தும் அழகுப் போட்டியில் சிறந்த புன்னகைக்குப் பரிசு உண்டு. மம்மியாகிக் கிடந்த உறவினர் டெட்டின் வாயில் அதை மாட்டிவிட்டுப் பரிசை வாங்கிவிட்டோம்.

முடிவில் உலகம் காப்பாற்றப்பட்ட பிறகும் கொடி அதே வடிவத்தில்தான் பறக்கிறது. செய்ததைத் திருப்பிச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்களே என்று அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

எட் என்ற பையனின் அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதைத் தொட்டால் ‘மேனியாக் மேன்ஷன்’ முழுவதும் அப்படியே உள்ளே ஓடும். ஒரு விளையாட்டை வாங்கினால் இன்னொன்றைச் சொல்லாமல் கொடுத்த தாராளம். சாப்பிட்டுவிட்டு அதைத் திறந்தோம். இதில் பிள்ளைகள் சாகவும் கூடும், வழி அடைபட்டும் போகலாம் என்று முன்கூட்டியே சொன்னேன்.

“அப்ப அடிக்கடி சேவ் பண்ணிக்கலாம், அத்தை. ஆனா விடை பாக்கக் கூடாது, அது மாறாது.”

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேவ் கட்டாயம், மற்ற இருவர் நம் விருப்பம். பெர்னார்ட் வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. மூன்றாவது ஆள் யார் என்பதில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.